கட்டுத்தறியில் கட்டிய எர்த்து கம்பி

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் மத்திகிரியில், மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்து ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பண்ணையில் வேலை. நான் மத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், பயந்தாங்கொள்ளி. விளக்கு சுவிட்சைக்கூடக் கையில் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டுதான் தட்டுவேன். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபிறகு இருமினால் பயம், தும்மினால் பயம் என்று ஆகிவிட்டது. மறுபடி உண்டாகி, ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இதாவது தங்க வேண்டுமே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

அப்போதுதான் மாற்றலாகிப் போன ஆபீசர் ஒருவர் தன் பழைய ரேடியோவை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பெரிய மரப்பெட்டி. முன்பக்கம் துணி, உள்ளே மஞ்சளாக எரியும் வால்வுகள். பெங்களூர் கிட்டத்திலேயே இருப்பதால் கன்னடப் பாட்டு கணீரென்று வரும். மெட்ராஸ் பாட்டுதான் வந்தும் வராமலும் இழுத்தடிக்கும். எந்தப் பாட்டானாலும் அடியில் ‘கொர்ர்’ என்று ஓர் இரைச்சல். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறார்களே, அதைப்போல இதுவும் என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு இவர் போடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டே பின்கட்டில் எங்கள் பசுவைக் கறப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

இவருக்கு மட்டும் ஆகவில்லை. எல்லாரும் பாட்டைக் கேட்டால் இவர் இரைச்சலைக் கேட்பார். பெட்டியை வடக்கே திருப்புவார், தெற்கே திருப்புவார். கூரைமேல் மூங்கில் நட்டு ஏரியல் கம்பியை உயர்த்தினார். காற்றடித்தபோதெல்லாம் ஓடு சரிந்ததுதான் மிச்சம். கடைசியில் ஓசூரில் யாரோ, பெட்டியிலிருந்து ஒரு கம்பியை எடுத்து ஈரமண்ணில் இறக்கினால் இரைச்சல் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு எர்த்து என்று பெயராம். அந்த இடத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.

“தெனம் எவன் தண்ணி ஊத்தறது?” என்று கேட்டுவிட்டு, மாட்டுப் பண்ணைக்காரர் இல்லையா, அவரே பதிலும் கண்டுபிடித்தார். “நம்ம மாடே ஊத்துதே!”

எங்கள் பசுவைக் கட்டுகிற இரும்பு முளை பின்கட்டில் இருந்தது. கோமியம் விழுந்து விழுந்து அந்த இடம் சித்திரை வெயிலிலும் காயாது. கம்பியைக் கொண்டுபோய் அந்த முளையில் இறுகச் சுற்றினார். உள்ளே ஓடிவந்து ரேடியோவைப் போட்டார். இரைச்சலைக் காணோம்! குழல் சத்தம் தனியாக, சுத்தமாக வந்தது. “எப்பிடி, பாத்தியா?” என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பசு உதைத்தது. கன்றுக்குட்டிமாதிரி சாதுவான மாடு, செம்பைத் தட்டிவிட்டுத் துள்ளியது. மறுநாள் காலையில் ஒன்றுமில்லை. சாயங்காலம் மறுபடி உதை. அதுவாவது தொலையட்டும், மடியில் கை வைத்தபோது என் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி சுரீர் சுரீர் என்றது. போனமுறையும் கை கால் மரத்துப்போனதில்தானே ஆரம்பித்தது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவரிடம் வாய் திறக்கவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் கன்னடக்காரர். அவரிடம் மட்டும் சொன்னேன்.

“பேடம்மா, வேணாம், நீ அங்க உக்காராதே. அந்த எடத்துல ஏதோ வந்து நின்னுக்கிச்சு. வயித்துப் பிள்ளைக்காரி!” என்று வேப்பிலையும் மிளகாயும் கொண்டுவந்து எங்கள் மாட்டுக் கொட்டகையில் கட்டினார். இருந்த பயம் போதாதென்று இது வேறு!

ஒருநாள் இவர் பண்ணையிலிருந்து வர நேரமாகிவிட்டது. ரேடியோ போடவில்லை. பசு அசையாமல் நின்று பால் கொடுத்தது. விரலிலும் ஒன்றும் இல்லை. மறுநாள் பாட்டு ஆரம்பித்ததும் மாடு துள்ளியது. மாட்டை அவிழ்த்து முருங்கை மரத்தில் கட்டிவிட்டு நேரே அவரிடம் போனேன்.

“ஏங்க, அந்தக் கம்பிய எடுத்துடுங்க. பாட்டு வந்தாத்தான் மாடு ஒதைக்குது. எனக்கும் கையெல்லாம் சுரீருங்குது.”

“மாட்டுக்குச் சங்கீதம் புடிக்கலையா? நல்ல கதையா இருக்கே!”

“சிரிக்காதீங்க. எனக்கு பயமா இருக்கு. இரைச்சலோடவே கேட்டா என்ன கொறைஞ்சிபோச்சு?”

“உனக்கு எதுக்குத்தான் பயமில்ல? வா, நானே புடிச்சிக் காட்டறேன்.”

ரேடியோவைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய், அப்போதுதான் கை கால் கழுவிவிட்டு வந்திருந்தார். ஈரம் சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு போய்க் குனிந்து முளையைப் பிடித்தார். “பாரு, ஒண்ணு...” என்றவர் முடிக்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்தது. பல் கிட்டிக்கொண்டது. பிடித்த கை விடவில்லை.

ஐயோ என்று கத்திக்கொண்டு அவர் தோளைப் பிடித்து இழுக்கப் போனேன். வேலிக்கு அப்பாலிருந்து அந்த அம்மாள் அலறினார்.

“தொடாதே! தொட்டா உன்னையும் புடிச்சுக்கும்!”

அவர் சொன்னது பேயை. நான் நின்றுவிட்டேன். கரண்ட் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. பாட்டு நின்றால் இதுவும் நிற்கும், அது ஒன்றுதான் புத்தியில் இருந்தது. உள்ளே ஓடினேன். அங்கே வீணை, துளி இரைச்சல் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. கையில் தலைப்பைச் சுற்றி, ஒயரைப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தேன்.

பாட்டு நின்றது. வெளியேயும் சத்தமில்லை. போய்ப் பார்த்தால் என்ன இருக்குமோ? சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. பிறகு பின்கட்டிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

அவருக்கு உள்ளங்கை வெந்து கொப்பளித்திருந்தது. மற்றபடி ஆள் பிழைத்துக்கொண்டார். பெட்டிக்குள் ஏதோ பழுதாகி, அதிலிருந்த கரண்ட், அந்த எர்த்து கம்பி வழியாக முளைக்கு இறங்கிக்கொண்டிருந்தது என்று ஓசூர் ரேடியோ கடையில் பிரித்துப் பார்த்துச் சொன்னார்கள். நாளுக்கு நாள் அது கூடிக்கொண்டே வந்திருக்கிறது. பழுதானதை மாற்றினார்கள். வேறு இடத்தில் குழாய் புதைத்து முறையாக எர்த்து போட்டுத் தருகிறோம், இரைச்சல் இருக்காது என்றும் சொன்னார்கள்.

“வேணாங்க. கொஞ்சம் இரைஞ்சாத்தான் எங்க வீட்டுப் பாட்டு,” என்று இவர் கட்டுப்போட்ட கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

பெண் பிறந்தாள். அந்த ‘கொர்ர்’ கேட்டால்தான் தூங்குவாள். இவரும் அவளை மடியில் போட்டுக்கொண்டு மெட்ராஸ் பாட்டு வந்த அளவுக்குக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் நிம்மதியாகப் பால் கறப்பேன். ஆனால் என்றாவது கரண்ட் போய் அந்த இரைச்சல் நின்றுவிட்டால், செம்பை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடுவேன். “இங்கதான் இருக்கேன் புள்ள,” என்று நான் கேட்பதற்கு முன்பே இருட்டிலிருந்து அவர் குரல் வரும்.