பலாப்பாலுக்குக் கீழே ஒரு பச்சை பைல்

இரண்டு மாதமாக இந்தக் கதையை அடக்கி வைத்திருந்தேன். என் வாயைப் பற்றி அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்! எழுதலாம் என்று இன்று அனுமதி கிடைத்தது. தேத்தண்ணிகூடக் குடிக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் தென்மராட்சிக்காரருக்கென்று ஓர் இணையத்தளம் இருக்கிறது. நடத்துபவர் சாவகச்சேரி சிவநேசன் அண்ணை. நீர்ப்பாசனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அங்கே மட்டுறுத்துநர். பெயர்தான் பெரிது. வாசகர்கள் எழுதும் கொமென்ற்களில் எது இருக்கலாம், எது போகவேண்டும் என்று பார்ப்பேன்... அவ்வளவுதான்.

அண்ணைக்கு ஒரு மனக்குறை. கட்டுரைக்குக் கீழே யாரும் கட்டுரையைப் பற்றிக் கதைப்பதில்லை. குளத்தைப் பற்றி எழுதினால் பஸ் நேரம் கேட்கிறார்கள். பஸ்ஸைப் பற்றி எழுதினால் பல் வைத்தியர் எப்போது வருவார் என்று கேட்கிறார்கள். வாய்க்காலுக்குக் கதவு வைத்துத் தண்ணீரைப் பிரித்துப் பழகிய மனிதர் அல்லவா? ஊர்க் கதையையும் பிரிக்கத் தீர்மானித்தார்.

கருத்துக்களம் ஒன்று உருவானது. கல்விக்கு ஓர் அறை, விவசாயத்துக்கு ஓர் அறை, போக்குவரத்துக்கு, காணாமற்போன பொருட்களுக்கு... மொத்தம் பதினொரு அறைகள். உள்ளே வர பெயர் பதியவேண்டும், பாஸ்வேர்ட் வேண்டும், முதல் பதிவுக்கு என் அனுமதி வேண்டும். கட்டுரைகளின் கீழே கொமென்ற் எல்லாம் பூட்டு.

கருத்துக்களத்துக்கு யார் வந்தார்கள்? அண்ணை வந்து "வணக்கம்" போட்டார். நான் "வணக்கம் அண்ணை" போட்டேன்.

அப்படியென்றால் சனம் எங்கே போனது? ஒரேயொரு கட்டுரையைப் பூட்ட அண்ணை மறந்துவிட்டார். 'பலாப்பால் கையில் ஒட்டினால்...' — எப்போதோ நான் எழுதியது. தேங்காயெண்ணெய் பூசுங்கள் என்பதை நாலு பந்தியில் நீட்டியிருந்தேன். அது திறந்து கிடப்பதை யாரோ கண்டார். இன்னொருவருக்குச் சொன்னார். ஒரே கிழமையில் ஊரே அங்கே குடிவந்துவிட்டது! ரியூசன் நேரம், ஆட்டுக்குட்டி விற்பனை, கொடிகாமத்தில் மழையா, இன்றைக்குக் கரண்ட் நிற்குமா — எல்லாம் பலாப்பாலுக்குக் கீழே.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கட்டுரை அல்லவா! ஒருவர்கூட அதை வாசிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அண்ணை கண்டுபிடித்தார். ஒரு புதன்கிழமை காலை ஃபோன் எடுத்து, சம்பந்தமில்லாதவற்றையெல்லாம் அழித்துவிட்டு அதையும் பூட்டச் சொன்னார். அழித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது... சந்தோஷமாக அழித்தேன். அழிக்கும் பொத்தானை அமத்துவதில் ஒரு ருசி இருக்கிறது. ஒன்றை அமத்தினால் அடுத்தது கேட்கும்.

மறுநாள் மத்தியானம். சோற்றைப் போட்டுக்கொண்டு, சும்மா கருத்துக்களத்தை எட்டிப் பார்த்தேன். 'காணாமற்போன பொருட்கள்' அறை வாசலில் ஒரு பதிவு! செவ்வாய் பின்னேரத்திலிருந்து என் அனுமதிக்காகக் காத்துக் கிடக்கிறது.

எழுதியவள் மயிலிட்டியைச் சேர்ந்த ஜெனிற்றா. தகப்பன் கடற்றொழில். சான்றிதழில் இவள் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனதால், சாவகச்சேரியில் இருக்கும் மாமியுடன் போய் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அங்கேயே சத்தியக்கடதாசி முடித்திருக்கிறாள். யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில் ஏறியவள், இறங்கும்போது பச்சை பைலை சீற்றில் விட்டுவிட்டாள். பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறுகள், புதுச் சத்தியக்கடதாசி... எல்லாம் மூலப்பிரதி. பள்ளிக்கூட நூலகத்தில் உதவியாளர் வேலைக்கு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகத் தேர்வு.

வெள்ளி என்றால் நாளைக்கு.

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். அந்தப் பச்சை பைலை நான் ஏற்கெனவே சந்தித்திருந்தேன்! முதல்நாள் அழித்தவற்றில் ஒன்று அது: 'பஸ்ஸில் பச்சை பைல் கிடந்தது. உள்ளே ஒரு பிள்ளையின் படம். உரியவர் கேட்டால் தரலாம்.' எழுதியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'பலாப்பழம் வாங்கினவன்'. கட்டுரைக்குச் சம்பந்தமில்லை என்று தட்டிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். தொலைத்தவள் ஒழுங்காக உரிய அறைக்குப் போய்க் கதவைத் தட்டுகிறாள். கண்டெடுத்தவர் சனம் நிற்கும் இடத்தில் நின்று கூப்பிடுகிறார். இரண்டையும் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான். ஒருத்திக்குத் திறக்கவில்லை. மற்றவரைத் துரத்திவிட்டேன்.

பதிவில் இருந்த நம்பரில் ஜெனிற்றாவுக்கு ஃபோன் எடுத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை.

"பைல் இல்லாட்டி உள்ளையே விடமாட்டினம் அக்கா," என்றாள். "போன முறையும் பேர்ப் பிழையாலைதான் திருப்பி அனுப்பினவை."

ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

அண்ணைக்கு எடுத்தேன். கருத்துக்களத்தில் ஓர் அறிவித்தல் போடச் சொன்னார்.

"அண்ணை, அங்கை ஆர் இருக்கினம்?"

"ஃபோனை வையும். நானே திறந்துவிடுறன்," என்றார்.

பலாப்பால் திறந்தது. பைல் பற்றி எழுதியவர் தயவுசெய்து வரவும் என்று போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஊர் வந்துவிட்டது — என்னைக் கிழிக்க! ஒருவர் தன் ஆட்டுக்குட்டி விளம்பரம் எங்கே என்று கேட்டார். இன்னொருவர், 'மட்டுறுத்துநர் அவர்களே, உங்கள் கொமென்ற் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாதது, உடனே அழிக்கவும்' என்று எழுதினார். பைல்காரரை மட்டும் காணவில்லை. மூன்று மணி... மூன்றரை... நகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது.

நாலு மணிக்கு வந்தார். "பைல் என்னட்டைத்தான் இருக்கு. என்ரை கொமென்றை ஏன் அழிச்சனீங்கள் எண்டு முதல்லை சொல்லுங்கோ."

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என்ன எழுதுவது? நியாயங்கள் நாலைந்து ரைப் செய்தேன், எல்லாவற்றையும் அழித்தேன். கடைசியில் மிஞ்சியது இது: "யோசிக்காமல் அழிச்சிட்டன். பிழை என்ரைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அடுத்த கொமென்ற் விலாசம். ஐந்துசந்திக்குக் கிட்ட ஒரு தையல் கடை, நிசார் நானா.

விலாசத்தை ஜெனிற்றாவுக்குச் சொல்லிவிட்டு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஸ்கூட்டியில் நான் பறந்தேன். மயிலிட்டியிலிருந்து ஜெனிற்றா பஸ்ஸில் வந்தாள். இரண்டு பேரும் கடை வாசலில்தான் முதன்முதலாகச் சந்தித்தோம். நிசார் நானா மெசினை நிறுத்திவிட்டு, துணி அலுமாரிக்குள்ளிருந்து பைலை எடுத்தார். அன்று சாவகச்சேரிச் சந்தையில் பலாப்பழம் வாங்கி, அதே பஸ்ஸில் வந்தாராம். வெட்டிய கையில் பால் ஒட்டித் துணியைத் தொட முடியவில்லை. வழி தேடியபோது என் கட்டுரை அகப்பட்டதாம். கட்டுரையை உண்மையிலேயே வாசித்த மனிதர்! அந்த நிமிடத்தில் அவர் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

பைலில் இருந்த விலாசத்துக்கும் ஒருமுறை போயிருக்கிறார். அது ஜெனிற்றா குடும்பம் இடம்பெயர்ந்து வாடகைக்கு இருந்த வீடு.

"அவை மயிலிட்டிக்கே திரும்பிப் போயிட்டினம் எண்டு சொல்லிச்சினம்," என்றார். "எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. நாங்களும் தொண்ணூறிலை ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்த ஆக்கள்தானே. ஞாயிற்றுக்கிழமை அங்கை போய் விசாரிப்பம் எண்டு இருந்தன்."

ஞாயிற்றுக்கிழமை! ஜெனிற்றா ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. கடைக் கதிரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், திரும்பவும் சிரித்தாள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றார்.

"படத்திலை முகத்தை இறுக்கி வைச்சிருக்கிறீர் மகள்," என்றார் நானா. "நாளைக்கு உப்பிடியே சிரிச்சுக்கொண்டு போம்."

அப்படியே போனாள். பைல் முழுசாக இருந்தது, பெயர் சரியாக இருந்தது. யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அண்ணையும் கொஞ்சம் இறங்கி வந்தார். பதினொரு அறைகள் இரண்டாகச் சுருங்கின. எல்லாக் கட்டுரைகளுக்குக் கீழேயும் கொமென்ற் திரும்பத் திறந்தது. அதற்குப் பக்கத்திலேயே கருத்துக்களத்தின் புதுப் பதிவுகளும் தெரிகின்றன. நீளமான விவாதத்தை மட்டும் அங்கே நகர்த்துகிறோம். எதையும் ஒரு நாள் வைத்துப் பார்த்த பிறகுதான் அழிக்கலாம். குளத்துக்குக் கீழே இன்னும் பஸ் நேரம்தான் கேட்கிறார்கள். இப்போது அண்ணையே பதிலும் சொல்கிறார்.

ஜெனிற்றாவுக்கு வேலை கிடைத்துவிட்டது! நூலகத்தில் இன்று முதல் நாள். இடைவேளையில் ஃபோன் எடுத்து, இதையெல்லாம் எழுத அனுமதியும் தந்துவிட்டு, "இஞ்சை ஒருத்தரும் கதைக்கக் கூடாதாம் அக்கா," என்றாள்.

மட்டுறுத்துநர் என்ற முறையில் சொல்கிறேன்... கொடுத்து வைத்தவள்!