மல்லிகா ஏற மறுத்த கேரவன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். முதுகுக்குக் கீழே சாக்கு, கையில் மல்டிமீட்டர், மூக்குக்கு நேர் மேலே துருப்பிடித்த இரும்பு. இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

வண்டி என்னுடையது அல்ல. அஸ்தினாபுரத்தில் எங்கள் பக்கத்துத் தெரு ஏகாம்பரத்துடையது. ஏகாம்பரம் பரம்பரையாக இந்த ஊர்க்காரர். அவர் அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது ஒரு ஹார்டுவேர் கடையும் ஒரு காலி மனையும் இருக்கின்றன. அந்தக் காலி மனையில்தான் எட்டு மாதமாகக் கேரவன் நிற்கிறது.

கேரவன் என்றால் இன்ஜின் வைத்தது இல்லை. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் ரகம். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உண்டு. கோவளம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்தில் பல வருஷம் சும்மா கிடந்ததை வாங்கி வந்தார்.

ஆணியும் பைப்பும் விற்கிற மனிதருக்குக் கேரவன் எதற்கு?

எல்லாம் அவர் மனைவி மல்லிகாவுக்காக! கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் மல்லிகா ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. "எவனெவனோ படுத்த கட்டில்ல நான் இன்னாத்துக்குப் படுக்கணும்?" என்பார். திருப்பதிக்குப் போனாலும் அன்றைக்கே வீடு திரும்பிவிட வேண்டும். ஆனால் கடல் நடுவே ரயில் போகிற பாம்பன் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை மட்டும் உண்டு. ராமேஸ்வரம் என்ன, போன வேகத்தில் திரும்பி வருகிற தூரத்திலா இருக்கிறது?

அதனால்தான் ஏகாம்பரம் கேரவனைக் கொண்டுவந்தார். பழைய கட்டிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு செய்தார். பாத்ரூமையும் மாற்றினார். கடையைப் பார்த்துக்கொள்ள மகள் ஒரு வாரம் வந்திருந்தாள். புதன்கிழமை கிளம்புவதாகத் திட்டம்.

பத்து நாளைக்கு முன்னால் வண்டலூர் ரோட்டில் ஒரு சோதனை ஓட்டம் போனார்கள். குறுக்கே ஓர் எருமை வந்தது. ஏகாம்பரம் பிரேக் போட்டார். ஜீப் நின்றது... கேரவன் நிற்கவில்லை! பின்னாலிருந்து ஜீப்பை அப்படியே தள்ளிக்கொண்டு போய் எருமைக்கு ஒரு முழம் முன்னால் ஓய்ந்தது. மல்லிகா இறங்கி, ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, வீட்டுக்குப் போய்விட்டார். தீர்ப்பு சாயங்காலம் வந்தது: "நிக்கத் தெரியாத வண்டில நான் ஏற மாட்டேன்."

"சார், நீங்கதான் மீட்டர்லாம் வச்சிகினு கீறீங்களே, கொஞ்சம் வந்து பாருங்க. இந்தத் தபா போவலன்னா அவ எப்பவுமே வர மாட்டா" என்றார் ஏகாம்பரம். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் மல்டிமீட்டர் மோகம் புதிதல்ல. எங்கள் வீட்டு காலிங் பெல் இன்றுவரை அடிக்காததும் தெரிந்திருக்கும்.

இந்த பிரேக்கின் சூட்சுமம் சுலபம். கேரவனின் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஜீப்பில் பிரேக் போட்டால் அதற்குக் கரண்ட் போகும். காந்தம் போய் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் ஒட்டும், பிரேக் பிடிக்கும். காலை மிதிக்காமல் கேரவனுக்கு மட்டும் பிரேக் கொடுக்க, ஜீப் டாஷ்போர்டில் ஒரு குட்டி லீவரும் உண்டு.

சக்கரத்துக்குப் போகும் ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தேன். ஏகாம்பரம் லீவரைத் தள்ளினார். பன்னிரண்டு வோல்ட்!

"ஒயரிங் பக்கா. காந்தம் அவுட்" என்று அறிவித்தேன். என்ன ஒரு தன்னம்பிக்கை!

இரண்டு சக்கரத்தைக் கழற்றினோம். இரண்டு டிரம்மைத் திறந்தோம். இரண்டு காந்தமும் குத்துக்கல்லாக இருந்தன. மறுபடி எல்லாவற்றையும் மாட்டினோம். அடுத்து இன்டர்நெட்டில் படித்த ஒரு வித்தையை இறக்கினேன். செல்போனில் திசைகாட்டியைத் திறந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தால், காந்தம் வேலை செய்யும்போது முள் ஆட வேண்டும். லீவரைத் தள்ளச் சொன்னேன். வடக்கு வடக்காகவே இருந்தது. ஒருமுறை ஆடியது... அது நான் தும்மியதால்.

ஒரு மணிக்கு ஏகாம்பரம் என்னை மெல்ல வெளியே இழுத்துவிட்டு, கன்னியப்பனுக்குப் போன் போட்டார். குரோம்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்ப்பவர். சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்தார். கையில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பும் அதிலிருந்து தொங்கும் இரண்டு ஒயரும்தான். என் மீட்டரைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதுதான் அவர் பெருந்தன்மை.

"மீட்டர் சும்மா எட்டிப் பாக்கும் சார். கரண்டுக்கு வேலை குடுத்துப் பாத்தாதான் அதும் வண்டவாளம் தெரியும்."

சக்கரத்துக்குப் போகிற ஒயர் ஒன்று, திரும்பி வருகிற ஒயர் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் பல்பைக் கொடுத்தார். ஏகாம்பரம் லீவரைத் தள்ளியதும் மினுக்கென்று அழுது வடிந்தது. பிறகு பல்பின் திரும்பும் முனையை மட்டும் நீளமான ஒயரால் நேராக ஜீப் பேட்டரிக்குக் கொண்டுபோனார். பளீரென்று எரிந்தது!

"போற வழி நல்லா கீது சார். திரும்பி வர்ற வழிதான் பேஜார். எர்த்து புடிக்கல. நடுவுல ஜீப்ப மாட்டற கொக்கி வழியா கொஞ்சம் கெடைச்சிருக்கும், அதான் ஒரு நேரம் புடிச்சி ஒரு நேரம் புடிக்காம ஆட்டம் காட்டிகினு இருந்துச்சி."

எனக்குச் சுரீர் என்றது. மூன்று மணி நேரம் நான் பார்த்ததெல்லாம் கரண்ட் போகிறதா என்பதை மட்டும்தான். திரும்புகிறதா என்று பார்க்கவே இல்லை. வீட்டிலும் நாம் அப்படித்தானே? 'நான் இவ்வளவு செய்தேனே' என்று கொடுத்ததை மட்டும் அளக்கிறோம். எதிரில் இருப்பவர் என்ன சொல்ல வருகிறார், அது நம் காதுக்கு வந்து சேர்கிறதா... யார் பார்க்கிறோம்?

தத்துவம் போதும். கன்னியப்பன் அந்தத் திரும்பும் ஒயரைத் தடவிக்கொண்டே கேரவனின் முன்மூக்குக்குப் போனார். அங்கே ஒரு போல்ட்டில் அதை முடுக்கியிருந்தார்கள். போல்ட் முழுக்கப் பச்சைப் பச்சையாகக் களிம்பு. அதன் மேல் ஒரு நூல் கம்பி, அதில் சுருங்கிப்போன எலுமிச்சம்பழம் ஒன்று, காய்ந்த மிளகாய் நான்கு.

வாங்கி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகா கட்டிய திருஷ்டி! முன்பக்கம் தொங்கவிட வாகாக இருந்தது அந்த ஒரு போல்ட்தான். கோவளத்து உப்புக்காற்று தொடங்கி வைத்ததை, எட்டு மாத எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக முடித்து வைத்திருக்கிறது.

மூன்று ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதை யார் அவரிடம் சொல்வது?

யோசிப்பதற்குள் மல்லிகாவே மோர்ச் செம்போடு வந்துவிட்டார். "இன்னாய்யா, கெடச்சிதா?"

"எலி..." என்றார் ஏகாம்பரம். "எலி ஒயரைக் கடிச்சிட்டுகீது மல்லி."

மல்லிகா கன்னியப்பன் கையைப் பார்த்தார். போல்ட்டிலிருந்து கழற்றிய திருஷ்டிக் கம்பி இன்னும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "எலி எலுமிச்சம்பழம் துன்னுமா?"

கன்னியப்பன்தான் பூசி மெழுகாமல் உள்ளதைச் சொன்னார். மல்லிகாவின் முகம் விழுந்துவிட்டது.

"வண்டிக்கா கட்டுனேன்? அத ஓட்டற மனுசனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதானே கட்டுனேன்... அதுவே பிரேக்க துன்னுட்ச்சா?"

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். "எருமைகிட்ட காப்பாத்துச்சி இல்ல... அது போதும்" என்றார் மெதுவாக. மல்லிகா அவரை ஒரு பார்வை பார்த்தார். கோபப் பார்வை இல்லை என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

வேலை அரை மணி நேரம்தான். கன்னியப்பன் கெட்ட முனையை வெட்டி எறிந்தார். இரும்பை உப்புத்தாள் போட்டு வெள்ளை வெளேரென்று தேய்த்தார். புது ஒயர், புது போல்ட், மேலே கெட்டியாக கிரீஸ். அடுத்த திருஷ்டிக்கு ஜீப் பம்பரில் ஓர் இடமும் காட்டிக்கொடுத்தார்.

பின்னாலிருக்கும் லேஅவுட் ரோட்டில் சோதனை. "நானும் வரேன்" என்று மல்லிகா முன்சீட்டில் ஏறினார். நானும் கன்னியப்பனும் ஓரமாக நின்றோம். ஜீப் வேகமெடுத்தது. ஏகாம்பரம் காலால் பிரேக்கைத் தொடாமல் லீவரை மட்டும் தள்ளினார். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ஜீப் நின்றது. கேரவனுக்குள் பாத்திரங்கள் தடதடவென்று உருண்டன. அப்படி ஓர் இனிமையான சத்தத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை!

மல்லிகா இறங்கினார். நேராக வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "இப்பவும் புடிக்கலியா சார்?" என்றார். எனக்கு என்ன தெரியும்? ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது.

மல்லிகா திரும்பி வந்தார். எங்கள் மூவரையும் தாண்டி கேரவனுக்குள் ஏறி, அக்குளில் இடுக்கி வந்திருந்த தன் தலையணையைப் புதுக் கட்டிலில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டினார்.

இருபத்தெட்டு வருஷத்தில் அந்தத் தலையணை வீட்டு வாசலைத் தாண்டியது அன்றைக்குத்தான்.