வலது முழங்காலுக்கு ஒரு நேர்த்தி

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு முன்பு மருத்துவமனை எனக்கு இருபத்துநான்கு பக்கத்தில் ஒரு கைநூல் தந்தது. அதை அட்டையிலிருந்து அட்டைவரை வாசித்த நோயாளி நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். குளிப்பதற்கு இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லும் ஆறாம் பக்கமும், பத்து நாள் போதும் என்னும் பதினேழாம் பக்கமும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே நூலில் குடியிருந்தன. கடிதம் எழுதிக் காட்டினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. நூல் திருந்தவில்லை.

முப்பத்தொரு ஆண்டுகள் லண்டனில் ஒரு கவுன்சிலின் மேன்முறையீட்டுப் பிரிவில் இருந்தவனுக்கு இது விட்டுப் போகாத வியாதி. வாடகை உதவி மறுக்கப்பட்டவர்களின் மனுக்களைப் படித்து, எந்த விதியின் எந்த உட்பிரிவில் யார் பிழைவிட்டார்கள் என்று கண்டுபிடிப்பது என் வேலை. பெரும்பாலும் பிழை எங்களுடையதாகவே இருந்தது. அதை நான் சந்தோஷமாக எழுதி வைத்ததால்தான் பதவி உயர்வு இரண்டோடு நின்றது என்று நினைக்கிறேன்.

கைநூலின் பத்தொன்பதாம் பக்கத்தில் சைக்கிள் வந்தது. முதலில் நகராத சைக்கிள். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற முழங்கால் நூற்றுப்பத்துப் பாகையாவது மடிய வேண்டும். எனக்குத் தொண்ணூறைத் தாண்டவில்லை. ஆகவே இரண்டு வாரம் பெடலைத் தொட்டில் ஆட்டுவது போல முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை அது பின்பக்கமாக முழுதாகச் சுற்றியது. பின்பக்கம்தான் முதலில் வருமாம். முன்பக்கம் பிறகு வருமாம். என் பிள்ளைகளைவிட இளையவளான பிசியோ அப்படிச் சொல்லிக் கைதட்டினாள். அறுபத்தெட்டு வயதில் பின்னோக்கிச் சைக்கிள் ஓடிப் பாராட்டு வாங்கினேன்.

நான்காம் மாதம் நகரும் சைக்கிள் ஒன்று வாங்கினேன். இருக்கையின் உயரம் பற்றி நான் கேட்ட கேள்விகளில் களைத்துப் போன கடைக்காரர், நான் போனால் போதும் என்று ஒரு மணியையும் சேர்த்துத் தந்தார்.

நாங்கள் இருக்கும் ஹரோவில் எங்கள் ஆட்கள் பால் வாங்கவும் காரில்தான் போவார்கள். ஆகவே தலைக்கவசத்தோடு என்னைக் கண்டவர்கள் காரணத்தைத் தாங்களே தீர்மானித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு வாசலில் பேரப்பிள்ளையை இறக்கிவிட்ட ஒருவர் கார்க் கண்ணாடியை இறக்கி, துக்க வீட்டுக் குரலில் கேட்டார்.

"லைசென்ஸைப் பறிச்சுப் போட்டாங்களோ அண்ணை?"

"இல்லை. முழங்கால் மாத்தினது."

"ஓ. அப்ப கார் ஓட விடமாட்டினமோ?"

"கார் ஓடலாம். இது விருப்பத்துக்கு ஓடுறன்."

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம், நான் குடித்துவிட்டுக் கார் ஓடிப் பிடிபட்ட செய்தி கோயிலில் வைத்து என் மனைவியின் காதுக்கு வந்து சேர்ந்தது. நான் குடிப்பதில்லை என்ற உண்மை அந்தச் செய்தியை எந்த வகையிலும் பாதிக்கவில்லை.

எட்டாம் மாதம் கால்வாய்க் கரையைப் பிடித்து லண்டனின் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போய், பிளேஸ்டோவில் மனைவியின் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவன் எனக்குப் பின்னால் காரைத் தேடினான்.

"அக்கா எங்க?"

"வீட்டில."

"அத்தான், சண்டையோ?"

மீன் ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டு, ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. மனது அதைவிட வீங்கியிருந்தது. இவ்வளவு தூரம் போனவன் இன்னும் போகலாம், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போகலாம் என்று தோன்றியது. இரவுச் சாப்பாட்டில் அதை மனைவியிடம் சொன்னேன். அவள் புட்டைக் குழைத்தபடி நிமிராமலே பதில் சொன்னாள்.

"தூரத்துக்குப் போறதெண்டால் முதல்ல நேர்த்திக்கடனை முடிச்சுப் போட்டுப் போங்கோ."

"என்ன நேர்த்தி?"

"ஒப்பறேசன் அண்டைக்கு வச்சது."

"நான் மயங்கிக் கிடந்தனான். நான் ஒண்டும் வைக்கேல்லை."

"நீங்கள் இல்லை. நான் வச்சனான், உங்களுக்கு. எல்லாம் நல்லபடி முடிஞ்சால், மாதா கோயில் வாசலில இருந்து பீடம் மட்டும் நீங்கள் முழந்தாளில வருவியள் எண்டு."

கரண்டியைக் கீழே வைத்தேன். "எனக்கு என்ன ஒப்பறேசன் நடந்தது?"

"முழங்கால்."

"முழங்காலை வெட்டிக்கொண்டிருக்கேக்க, முழங்காலாலயே நடப்பன் எண்டு நேர்ந்தனீரோ?"

"நோவுற இடத்தைத்தானே நேரலாம். மூக்கையோ நேருறது?"

அவள் சொன்ன மாதா கோயில் நோர்ஃபொக்கில் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்கச் சனம் லண்டனிலிருந்து பஸ் பஸ்ஸாக அங்கே போகும். பூசை, சுற்றுப்பிரகார ஊர்வலம், நடுவில் புற்தரையில் பாய் விரித்துப் புரியாணி. சிலர் நேர்த்திக்காக வாசலிலிருந்து பீடம்வரை முழந்தாளில் போவார்கள். ஆனால் கைநூலின் இருபத்திரண்டாம் பக்கம் முழந்தாளிடுவதைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது. பிசியோவிடம் கேட்டேன். மெத்தையில் பழகிப் பார்க்கலாம், கல்தரையில் அவ்வளவு தூரம் வேண்டாம் என்றாள்.

இதை வீட்டில் அறிவித்தபோது மனைவி சண்டை பிடிக்கவில்லை. "நீங்கள் லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவால போறியள். நேர்ந்தது தீராமல் நிக்கேக்க, நீங்கள் வெளிக்கிட்டால் வந்து சேரும் மட்டும் எனக்கு நெஞ்சு பதறுது" என்று மட்டும் சொன்னாள். விசா, வீடு, பிள்ளைகளின் சோதனைகள் என்று எங்கள் வாழ்க்கையின் இடுக்கான இடங்களையெல்லாம் அவளுடைய நேர்த்திகள்தான் கடக்க வைத்தன என்பது அவள் நம்பிக்கை. எல்லாம் உரிய காலத்தில் நிறைவேற்றப்பட்டவை. தீராமல் நின்றது இது ஒன்றுதான். நான் தலைக்கவசம் மாட்டும் ஒவ்வொரு தடவையும் அவள் யன்னலடியில் நின்றாள்.

பழைய தொழில் கைகொடுத்தது. திருச்சபைச் சட்டத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். நேர்த்தி அதை வைத்த ஆளை மட்டுமே கட்டும்; அடுத்தவரைக் கட்டாது. தெளிவாகவே இருக்கிறது. அச்செடுத்து, மஞ்சள் மையால் அடையாளமிட்டு, சமையலறை மேசையில் வைத்தேன்.

அவள் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். "அப்ப என்னைத்தான் கட்டுமோ?"

"சட்டப்படி ஓம்."

"சரி" என்றாள். வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக ஒரு வழக்கை நான் வென்றதில்லை.

ஆனாலும் அவளுடைய பயம் போக வேண்டுமே. அதே சட்டத்தில் இன்னொரு வழியும் இருந்தது. ஒரு நேர்த்தியை அதற்குச் சமமான அல்லது மேலான இன்னொன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும், உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த ஃபாதரைப் பிடித்தேன். மன்னார்க்காரர், நாற்பது வயதிருக்கும். முழந்தாளுக்குப் பதிலாக ஹரோவிலிருந்து நோர்ஃபொக்வரை சைக்கிளில் போகிறேன் என்றேன்.

"எவ்வளவு தூரம் அண்ணை?"

"நூற்று முப்பது மைல் மட்டில வரும் ஃபாதர். மூண்டு நாள்."

"முழந்தாளில போனால் இருபது நிமிசம். வழமையா ஆக்கள் குறைச்சுத் தரச்சொல்லித்தான் என்னட்ட வாறவை."

"மேலானதா இருக்க வேணுமெண்டு இருக்கு ஃபாதர்."

"இருக்கிறது எனக்கும் தெரியும் அண்ணை. செய்யுங்கோ."

"எழுத்தில தரேலுமோ?"

 அவர் ஒரு காணிக்கை உறையின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி, கையெழுத்து வைத்து, தேதியும் போட்டார். தேதி போட்டது எனக்குப் பிடித்திருந்தது. உறையை மனைவி வாசித்துவிட்டுச் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள். 

கோடையில், பஸ் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பாக நான் வெளிக்கிட்டேன். அவள் ஒரு டப்பா எள்ளுருண்டையைச் சைக்கிள் பையில் வைத்தாள். இங்குள்ள சைக்கிள்காரர்கள் உறிஞ்சும் இனிப்புப் பசைப் பொட்டலங்களைவிட எள்ளுருண்டை மேல் என்பதை நான் ஆய்ந்து நிறுவியிருக்கிறேன். சட்டைப்பையில் உருகாது.

முதல் நாள் கேம்பிரிட்ஜ்வரை மழை. விடுதிக்குப் போகும் வழியில் உறைந்த பட்டாணிப் பொதி ஒன்று வாங்கி, வீக்கம் வற்ற முழங்காலில் கட்டிக்கொண்டு படுத்தேன். இரண்டாம் நாள் ஏற்றமே இல்லாத சமவெளி. நல்லது என்று நினைப்பீர்கள். ஏற்றமில்லாத இடத்தில் இறக்கமும் இல்லை. எதிர்க்காற்றுக்கு ஒளிக்க ஒரு மரமும் இல்லை. பெடலை நிறுத்தினால் சைக்கிளும் நிற்கும். என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு வெள்ளைக்காரர் பின்னால் வந்து, என் முழங்கால் தழும்பைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். காற்சட்டையை உயர்த்தித் தன் தழும்புகள் இரண்டையும் காட்டினார். உன்னிடம் ஒன்றுதானா என்று கேட்டு, விசிலடித்தபடி முந்திப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை, குறுகலான பாதையில் எங்கள் பஸ் என்னைக் கடந்தது. மைத்துனன் படியில் நின்று கத்தினான். "அத்தான், ஏறுங்கோ! மாதாவுக்கு நான் சொல்லுறன்!" யன்னல்களில் கைகள் ஆடின. மனைவி செபமாலையோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து நான் கோயில் வாசலுக்கு வந்தபோது, உண்மையைச் சொன்னால், சின்ன வரவேற்பொன்றை எதிர்பார்த்தேன். மைத்துனன் மட்டும் நின்றான். முகம் சரியில்லை.

"அக்கா எங்க?"

அவன் உள்ளே கை காட்டினான்.

கல் பாவிய நடைபாதையின் பாதியில் அவள் முழந்தாளில் போய்க்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். ஒரு கை செபமாலையில், மறுகை தரையில். ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்கினாள். சைக்கிளை மைத்துனனிடம் தள்ளிவிட்டு ஓடினேன். இரண்டாம் பக்கத்திலிருந்தே கைநூல் ஓடக்கூடாது என்கிறது.

"என்ன செய்யிறீர்?"

"நேர்த்தி." அவள் நிமிரவில்லை. "வச்ச ஆளைத்தான் கட்டும் எண்டு நீங்கள்தானே மஞ்சள் கோடு போட்டுத் தந்தனீங்கள்."

"அதைத்தான் ஃபாதர் மாத்தித் தந்தவரே. கடிதம் இருக்கு."

"உங்களுக்கு மாத்தித் தந்தவர். உங்களை அது கட்டவேயில்லையே. என்ர நேர்த்தி அப்படியேதான் நிக்குது."

முப்பத்தொரு ஆண்டு மேன்முறையீடு பார்த்தவன் விண்ணப்பதாரர் யார் என்பதில் பிழைவிட்டிருந்தேன். என் பெயரில் இல்லாத வழக்குக்கு என் பெயரில் தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்ற நூற்று முப்பது மைல் சைக்கிள் ஓடியிருக்கிறேன். புதிதாக வந்த எழுதுவினைஞன் இப்படிச் செய்திருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

முழந்தாளிட எனக்கு முடியாது. அவள் பக்கத்தில் குனிந்து கையை நீட்டினேன். முதலில் வேண்டாம் என்றாள். கொஞ்சத் தூரம் போனபின் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வேகத்துக்கு நடப்பது எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடுவதைவிடக் கடினமாக இருந்தது. பீடத்தை அடைந்து, சிலுவை அடையாளம் போட்டு, அப்படியே இருந்தாள்.

"எழும்பும்" என்றேன்.

"ஏலாது."

பிசியோ சொல்லித்தந்த முறை எனக்கு மனப்பாடம். "நல்ல காலை முன்னுக்கு வச்சு, பாதத்தை ஊண்டி, என்ர தோளைப் பிடிச்சு எழும்பும்."

"எது நல்ல கால்?"

"உமக்குத்தானே தெரியும்."

"நல்ல கால் எண்டு ஒண்டு இருந்தால் அல்லோ."

மைத்துனனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

திரும்பும் வழியில் சைக்கிள் பஸ்ஸின் வயிற்றுக்குள் கிடந்தது. ஏறுவதற்கு முன் மைத்துனன் எங்கிருந்தோ இரண்டு பட்டாணிப் பொதிகள் வாங்கி வந்திருந்தான். அவள் ஒன்று, நான் ஒன்று வைத்துக்கொண்டு அருகருகே இருந்தோம். தொலைபேசியில் அவளுடைய டொக்டருக்கான படிவத்தைத் திறந்தேன்.

"எந்தக் கால்?"

"ரெண்டும். வலது கூட."

"எப்ப துடங்கினது?"

அவள் யன்னலைப் பார்த்தாள். "மூண்டு வருசம்."

என் முழங்கால் வலிக்கத் தொடங்குவதற்கு முன்பே. தன் பெயரில் வைக்காமல் என் பெயரில் ஏன் அந்த நேர்த்தியை வைத்தாள் என்பது இப்போதுதான் விளங்கியது.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"ஒரு நேரத்தில ஒரு கைநூல்தான் எனக்கு ஏலும்."

பஸ்ஸின் பின்பக்கம் பைலாப் பாட்டுத் தொடங்கியது. மூன்று வருசம் என்று படிவத்தில் எழுதினேன். நாள்தோறும் செய்ய முடியாத வேலைகள் எவை என்று அடுத்த கேள்வி கேட்டது. அதற்கு என்ன எழுதுவதென்று, அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதினேன். படியேறுவதிலிருந்து, நான் தலைக்கவசம் மாட்டும் நேரங்களில் யன்னலடியில் நிற்பதுவரை.

"உமக்கு ஒப்பறேசன் எண்டு சொன்னால் இந்த முறை நேர்த்தி நான் வைக்கிறன்" என்றேன்.

"யாற்ற பேரில?"

"என்ர பேரில."

"ஓம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். "வடிவா வாசிச்சுப் போட்டு வையுங்கோ."