பதினோராம் கேள்வி

அரிசி டப்பாவுக்கு அடியில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கம்பெனி பஸ் நேரம் அச்சாகியிருக்கும். மறுபக்கம் பத்துக் கேள்விகளும் பதில்களும், எனக்காகக் கொட்டை எழுத்தில் எழுதியவை. எழுதியவள் என் மாடி அறையில் குடியிருந்த பெண். திருநெல்வேலிப் பக்கம், ஒரகடத்தில் தொழிற்சாலை லைன் வேலை.

என் வீட்டுக்காரர் அங்கே ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் லோடு ஏற்றினவர். பெட்டிகள் சரிந்து விழுந்து அங்கேயே போய்ச் சேர்ந்தார். குடும்பத்துக்கு வரவேண்டிய பென்ஷனுக்கு எழுதிப் போட்டேன். எங்கள் கல்யாணம் பதிவானதில்லை, கம்பெனிக் காகிதத்திலும் என் பெயர் இல்லை. நான் மனைவிதான் என்பதற்கு ரேஷன் கார்டு மட்டும் போதாது என்று தள்ளிவிட்டார்கள். அவள்தான் மேல்முறையீடு எழுதிக் கொடுத்தாள். விசாரணை போனில் நடக்கும் என்று கடிதம் வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதிகாரி முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவள் மாடியிலிருந்து எனக்குப் போன் போடுவாள். நான் கீழே அடுப்படியில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

“ஆச்சி, முனங்காதீய. அந்தாளுக்கு எப்படிக் கேக்கும்?”

“கத்தினா பக்கத்து வூட்ல கேட்டுடும்மா.”

“கேக்கட்டும். அவியளா பென்சன் தரப்போறாவ?”

கல்யாணம் எந்தக் கோயிலில், தாலி எடுத்துக் கொடுத்தது யார், எத்தனை வருஷமாக ஒரே வீட்டில், எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. விசாரணை அன்று பக்கத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். லைனில் ஆள் குறைவென்று சூப்பர்வைசர் லீவு தரவில்லை.

போன் வந்தது. “உங்க கணவர் பேரைச் சொல்லுங்கம்மா.”

காகிதத்தில் அந்தக் கேள்வி இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர் அது. ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் கார்டை நீட்டுவேன், அவர்களே படித்துக்கொள்வார்கள். போனில் எதை நீட்டுவது?

“ஏழுமலையான் பேருங்க ஐயா.”

“விடுகதை போடாதீங்கம்மா. பேரு?”

“மனுவுலயே கீதுங்களே.”

“மனுவுல இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேக்குறேன்.”

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு முறை “ஹலோ” என்றார். “கணவர் பெயர் சொல்லவில்லைன்னு எழுதிக்கிறேன்” என்று வைத்துவிட்டார். பத்துக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் யூனிஃபார்மோடு ஓடி வந்தவள், நான் சொன்னதைக் கேட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எங்கம்மையும் சொல்லமாட்டா ஆச்சி. உங்ககிட்ட அதைக் கேக்கக் கூடாதுன்னு நாந்தான் விட்டுட்டேன்” என்று அழுதாள். பிறகு காகிதத்தை வாங்கி அடியில் எழுதினாள்: ‘பதினொன்று. உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?’ பதிலுக்கு இடம் விட்டாள். “திரும்பக் கூப்பிடுவாவ, பழகிக்கிடுங்க” என்றாள்.

கூப்பிடவில்லை. மனு தள்ளுபடி என்று தபால்தான் வந்தது. அவளும் காண்டிராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். மாடி அறை பூட்டிக் கிடக்கிறது.

இன்று டப்பாவைத் தூக்கிக் காகிதத்தை எடுத்தேன். அவள் விட்டுப்போன இடத்தில் பென்சிலால் எழுதினேன். ஆறே எழுத்து. தெருக்கதவு சாத்தியிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். பிறகு வந்து உட்கார்ந்து, முனகாமல், ஒருமுறை படித்தேன்.