சாயத்தண்ணி குடித்த சிலந்தி

நேற்று மத்தியானம் கிணத்துக்கடவு தாண்டியதும் வண்டி பஞ்சர். கடைக்காரர் டியூபில் சொல்யூஷனைத் தடவினார் பாருங்கள், அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், ரோட்டுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன்.

"ஏனுங்க, பாம்பு கீம்புங்களா?" என்றார் அவர்.

"இல்லீங்க, சிலந்தி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பாவம், பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு சீட் கவர் கடையில் எனக்கு வேலை. பஸ்ஸுக்கும் வேனுக்கும் ஃபோம் வெட்டி, ரெக்ஸின் இழுத்து ஒட்டுவோம். தலைமுடி, சட்டை, சோற்றுப் போசி எல்லாம் சொல்யூஷன் மணக்கும். "உன்ற சோத்துல எலிகூட வாய் வெக்கறதில்லடா" என்பாள் அம்மா. அந்தக் கடைக்குத்தான் ஒரு பம்பு பட்டறை முதலாளி வந்து, ஆள் உயரத்துக்கு ஒரு சிலந்தி வேண்டும் என்றார்.

தமிழ் பேசும் இங்கிலீஷ் படங்கள் ஊர் ஊராக ஓடிய காலம் அது. பல்லி துரத்தும், வெள்ளைக்காரன் "ஐயோ, யம்மா" என்று அலறுவான். அதைப் பார்த்து முதலாளிக்கும் ஒரு படம் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. கதை இவ்வளவுதான்: ஆற்றில் விட்ட சாயத்தண்ணியைக் குடித்த சிலந்தி ஒன்று பெருத்துப்போய், மூடிக்கிடக்கும் மில் குடோனில் வலை கட்டி ஆட்களைப் பிடிக்கிறது. வலைக்கு மில்லின் கழிவு நூல். உடம்புக்கு எங்கள் ஃபோமும் ரெக்ஸினும். எட்டுக் காலில் நாலு, உள்ளே இருக்கும் மனிதனின் கையும் காலும்; மீதி நாலு ஸ்கூட்டர் டியூப்.

அந்த மனிதன் அன்னூர் ரங்கசாமியண்ணன். பஞ்சுப் பேல் தூக்குகிறவர், ஆள் கதவை அடைத்து நிற்பார். ஆனால் அவருடைய மரியாதைக்கு முன்னால் எங்கள் ஊர் மரியாதையே கைகட்டி நிற்க வேண்டும். காலை மிதித்த ஆளிடம், "ஏனுங்க, உங்க கால் என்ற கால் மேல இருக்குதுங்க" என்று தகவல்தான் சொல்வார்.

வலையில் மாட்டுகிறவர் பெருந்துறை மரகதக்கா, நாடக நடிகை. ஒத்திகையில் கழுத்தைக் கடிக்கும் முன் அண்ணன், "அம்மணி, கடிச்சுக்கறேனுங்க" என்றார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்: "பூச்சி எங்காச்சும் உத்தரவு கேட்டுப்போட்டுக் கடிக்குமுங்களா?" நூலுக்குள் தொங்கிக்கொண்டே அக்கா, "பேய்க்கு வாக்கப்பட்டா முருங்க மரம் ஏறோணும். பூச்சிக்கு வாக்கப்பட்டா இப்படித் தொங்கோணுமாட்ட இருக்குது" என்றார். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போய் இன்றைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சித்திரை மாதம், தகரக் கூரை, சுற்றிலும் விளக்கு. முதுகு ஜிப் தெரிகிறது என்று சொல்லி, அண்ணனை உள்ளே வைத்தே மேலே ஃபோம் வைத்து ஒட்டச் சொன்னார் முதலாளி. கழுத்து இடுக்கையும் சேர்த்து அடைத்தாயிற்று. காமிரா ஓடியது. சிலந்தி நாலு எட்டு வைத்தது, தள்ளாடியது, நெஞ்சைப் பிடித்தது.

"அருமைங்க! அப்படியே பண்ணுங்க!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏனுங்க... சித்தெ சிரமமா இருக்குதுங்க."

குரலெல்லாம் பிறகு சேர்ப்பது என்பதால், அங்கே யார் என்ன பேசினாலும் காதில் வாங்குவதில்லை.

"உங்க சோலியெல்லாம் முடிச்சுப்போட்டு... சாவகாசமா... வந்தாப் போதுமுங்க."

முகத்துக்கு முகம் தொங்கிய மரகதக்காவுக்கு மட்டும் சிலந்தி முகத்தில் விட்டிருந்த ஓட்டை வழியே அவர் கண் தெரிந்திருக்கிறது. அக்கா அலறினார். அலறுவதுதானே அவர் வேலை? முதலாளி சந்தோஷமாகக் கட்டைவிரலை உயர்த்தினார். கையும் காலும் நூலில் சிக்கிய பெண் வேறென்ன செய்வாள்? மரியாதையை விட்டாள்.

"டேய் பம்பு! அந்தாளு சாகறான்டா! அறுங்கடா!"

அவ்வளவு பெரிய குடோனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியை 'டா' போட்டு யாரும் கேட்டதில்லை. நான் ஃபோம் கத்தியோடு ஓடி முதுகைக் கிழித்தேன். அண்ணன் கத்தரிக்காய் நிறத்தில் வெளியே விழுந்தார். மூச்சு விசிலடித்தது. பேச்சு வந்ததும் என்னைப் பார்த்து, "ரெக்ஸினு வீணாப்போச்சுங்களே" என்றார்.

நாங்கள் அவிழ்க்க மறந்த அக்கா அழுதுகொண்டே திட்டினார்: "வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்லுவாங்க. இந்தாளு வாயத் தொறந்தும் பொழைக்கமாட்டாரு."

படம் அன்னூர் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. அண்ணன் தள்ளாடிய அந்தத் துண்டைப் படத்தில் சேர்க்காமல் முதலாளி விடுவாரா? சிலந்தி நெஞ்சைப் பிடித்ததும் ஒரே விசில். அண்ணனின் சம்சாரம் மட்டும், "ஏனுங்க, இது நடிப்புங்களா?" என்று கேட்டதை நான் பின்வரிசையில் கேட்டேன். "ஆமாங்க அம்மணி" என்றார் அவர். அந்தம்மா படம் முடியும்வரை அவர் மணிக்கட்டை விடவே இல்லை.

டாக்கீஸ் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். குடோனை இடித்து அடுக்குமாடி. படச்சுருளை, அதிலிருக்கும் வெள்ளியை உருக்கி எடுக்கிறவர்களுக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அண்ணன் போய்ச் சேர்ந்த சேதி கேட்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் காது குத்துக்கு ஒறம்பரை சனம் வந்திருந்த அன்று, பந்தி நடக்கும்போதே அவருக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது.

"வந்தவங்க சாப்பிட்டுக் கை கழுவட்டும்னு சொல்லாமயே இருந்துபோட்டாருங்க" என்றது அந்தம்மா. "பக்கத்துலதான் நின்னு பாயசம் ஊத்திட்டிருந்தேன். எனக்குத் தெரியவே இல்லீங்க."