பாதி கொக்குகள் தலைகீழாக

இந்த ஊரில் துணிக்குக்கூடத் தலை எது, கால் எது என்று பார்த்துத்தான் மேசையில் விரிக்க வேண்டும். ஜொகூர் பாருவில் தெப்ராவ் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் ஒட்டுப்போர்வை தைக்கிறேன். சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைப்பது. இங்கே குவில்ட் என்பார்கள். நம் ஊரில் பழைய புடவையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்போமே, அதன் பணக்காரச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவோ பறவையோ ஒரே பக்கம் பார்த்து அச்சிட்டிருந்தால் அது ஒன்வே துணி. மாற்றிப் போட்டால் பறவை தலையில் நிற்கும். அதனால் காலையில் முதல் வேலையாகத் துணியின் தலைப்பக்கத்தில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போடுவேன். முன்பெல்லாம் அதைப் போடும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

கரூரில் பதினோரு வருடம் ஏற்றுமதி கம்பெனியில் கட்டிங் மேசையில் நின்றவள் நான். அங்கே எங்களுக்கு ஒரே வேதம், சேதாரம் கூடாது. முக்கோணம் வெட்டும்போது ஒன்றை நிமிர்த்தி, அடுத்ததைக் கவிழ்த்து வெட்டுவோம். இடையில் விரல் அகலத் துணி மிஞ்சினால் கட்டிங் மாஸ்டர் அதை எங்கள் தலையில் போட்டுவிட்டுப் போவார். இங்கே வந்த முதல் வாரம் அதே கைப்பழக்கத்தில் மயில் போட்ட துணியை வெட்டினேன். எங்கள் மேடம் சீனப் பெண்மணி. நான் வெட்டியதைப் பார்த்துச் சிரித்தார். மெச்சுகிறார் என்று நானும் பல்லைக் காட்டினேன். பின்னால் வந்த பாக்கியம் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் இங்கேயே எஸ்டேட்டில் பிறந்தவர், எங்கள் மேற்பார்வையாளர்.

“அலமாக்! என்னாம்மா இது, பாதி மயிலு தலகீழா நிக்குது லா. மேடம் சிரிச்சா கோவமா இருக்காங்கன்னு அர்த்தம். நவுரு நீ, நான் பாத்துக்கறேன்.”

அன்று சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல், கவிழ்ந்த துண்டுகளைச் சிறிதாக்கி ஓரத்துக்கு ஒதுக்கி, மிச்சத் துணியில் புதிதாக வெட்டித் தந்தார். மேடத்திடம், “நான்தான் சொல்லிக் குடுக்கல” என்று பழியையும் தானே வாங்கிக்கொண்டார். அந்த ஒரு பொய்யால்தான் இன்றைக்கு இங்கே இருக்கிறேன்.

போன வருடம் தேவகி வந்தாள். அவளும் கரூர்தான். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஊர்க்காரி என்றதும் அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். குழம்பு வைத்தால் பாதி எனக்கு. ஊரில் சுவர் எழுப்பி, தளம் போடாமல் நிற்கும் வீட்டின் படத்தைத் தினமும் காட்டுவாள். அவள் தையல் என் தையலைவிட நேர்த்தி. மேடம் அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். பிறகு ஆர்டர் குறைந்தது. இந்த முறை உங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் வேலை பெர்மிட் புதுப்பிப்பேன், யார் என்று மாதக் கடைசியில் சொல்கிறேன் என்றார் மேடம். என் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நான் திரும்பினால் அவள் படிப்பு பாதியில் நிற்கும்.

அந்த வாரம் பார்த்து ஒரு சிங்கப்பூர் அம்மா கொக்குத் துணி கொண்டுவந்தார். ஏதோ பயணத்தில் வாங்கியது, இன்னொரு முழம் கிடைக்காது. கொக்கு முக்கோணமும் வெள்ளை முக்கோணமும் மாறி மாறி வர வேண்டும், எல்லாக் கொக்கும் தலையணைப் பக்கம் பார்த்துப் பறக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிய சீட்டும் உடன் வந்தது. பாக்கியம் அக்கா மகளின் பிரசவத்துக்கு மூவார் போயிருந்தார். மேடம் துணியைத் தேவகியிடமும், சீட்டைப் படித்துச் சொல்லும்படி என்னிடமும் கொடுத்தார். தேவகிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. வெள்ளையும் கொக்கும் மாறி மாறி வரணும் என்று மட்டும் சொன்னேன். சீட்டு என் இழுப்பறைக்குள் போனது.

அவள் கரூர்க் கணக்கில் ஒன்று நிமிர்த்தி, ஒன்று கவிழ்த்து வெட்டினாள். முதல் வரிசையை இணைத்ததும் என்னிடம் எடுத்து வந்தாள்.

“அக்கா, துளிகூடத் துணி வீணாகலீங்க. ஆனா பாதிக் கொக்கு தலகீழா இருக்குதுங்களே, பரவால்லீங்களா? கட்டலுக்கு ரெண்டு பக்கமும் ஆளு வருவாங்க, எங்க நின்னு பாத்தாலும் பாதி நேராத் தெரியுமுங்க.”

“நல்லா இருக்கு, தை” என்றேன்.

மூன்று நாள் என் பக்கத்து மிசினில் உட்கார்ந்து தைத்தாள். ஒவ்வொரு வரிசை முடியும்போதும் நான் வாயைத் திறந்திருக்கலாம். தனக்குப் போகத்தான் தானமும் தர்மமும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், மூன்றாம் நாள் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது.

சிங்கப்பூர் அம்மா வந்து போர்வையை விரித்தார். அதை மடிக்காமலே விட்டுவிட்டுப் போனார். மேடம் தேவகியைப் பார்த்துச் சிரித்தார். பாவி, அவளும் பதிலுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சீட்டில் இருந்ததை நான் முழுதாகப் படித்துச் சொல்லியிருப்பேன் என்றே மேடம் நம்பினார். பத்தே நாளில் அவளை அனுப்பிவிட்டார்கள். போகும்போது தன் நூல் கத்தரியை என் கையில் வைத்தாள். “பக்கத்துல உங்கள வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டேனுங்க. உங்க பேரையும் கெடுத்துட்டேன்” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் பெருந்தன்மையாக மன்னித்தேன்.

மூவாரிலிருந்து திரும்பிய பாக்கியம் அக்கா, மேசையில் கிடந்த போர்வையைப் பார்த்தார்.

“நீ பக்கத்து மிசின்ல தானே இருந்த?”

“ஆமாக்கா.”

“வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?”

மறுநாள், “வாங்க, இந்தத் துணிய வெட்டிருங்க” என்றார். இத்தனை வருடமாக நீ, வா, போம்மா என்று அழைத்தவர். அன்றிலிருந்து எனக்கு மரியாதை குறைவதேயில்லை.

பெர்மிட் எனக்குக் கிடைத்தது. போர்வையைத் தூக்கி எறியப் போன மேடம், “அம்பில் லா”, அதாவது எடுத்துக்கோ என்று என் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொண்டேன். நல்ல துணியை எறிய எனக்கு மனம் வராது. கரூர்க்காரி அல்லவா!

போன ஞாயிறு மத்தியானம் என் அறையில் இருந்தேன், வெளியே நல்ல மழை. தேவகி வீடியோவில் வந்தாள். பழைய கம்பெனியிலேயே கட்டிங் மேசைக்குப் போகிறாளாம். அவள் தலைக்கு மேலே தகரம் தெரிந்தது. என் மகளைப் பற்றி விசாரித்தாள். பிறகு மெதுவாக, “அந்தப் போர்வ என்னாச்சுங்க்கா?” என்றாள்.

அது என் மடிமேல் இருந்தது. முகம் மட்டும் தெரியும்படி போனை உயர்த்திக்கொண்டேன். “கிழிச்சு மிசின் தொடைக்க வச்சுட்டாங்க.”

“நல்லதாப் போச்சுங்க. யாராச்சும் அதப் போத்திக்கிட்டு என்னய வைவாங்களோன்னு இருந்துச்சு.”

போனை வைத்ததும் போர்வையைக் கட்டிலில் விரித்தேன். ஊருக்குத் திரும்பும் நாளில் இதைக் கொண்டுபோக முடியாது, அங்கே அவள் இருக்கிறாள். பாக்கியம் அக்கா இந்த அறைக்கு வந்தால் ஒளித்து வைக்க வேண்டும், ஆனால் அவர் இனி வரப்போவதில்லை. தலைமாட்டில் நின்று பார்த்தேன், கால்மாட்டில் நின்று பார்த்தேன். தேவகி சொன்னது சரிதான், எங்கே நின்றாலும் பாதி நேராகத் தெரிகிறது. பழக்கதோஷத்தில் சாக்பீஸை எடுத்து, அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.