மணல் மூட்டை படுத்த தூளி

அம்பத்தூரில் நான் குடியிருந்த அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதைத் தாங்கிய இரும்புச் சட்டத்தில் துணிக்கொடிகூடக் கட்டக் கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. தனி ஆளாக இருந்தவரை அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி, மனைவி முதல் பிரசவத்துக்கு வேப்பம்பட்டிலிருந்த அம்மா வீட்டுக்குப் போய், பெண் குழந்தை பிறந்த பிறகுதான் அந்தக் கூரை எனக்கு எதிரியானது.

மூன்றாம் மாதம் அழைத்துவரப் போனேன்.

"அங்க எங்கங்க தூளி கட்றது? தூளி இல்லாம இது கண்ண மூடாது," என்றாள்.

அம்மா வீட்டில் பனை உத்தரம் இருந்தது. அதில் தொங்கிய பழைய புடவைக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் மாதம் போனேன், அப்போதும் அதே பதில்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் குழாய்ப் பட்டறையில் வேலை பார்க்கிறவன். ஊரில் உள்ள நாற்காலிக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் கால் செய்து அனுப்புகிறவனுக்குத் தன் பெண்ணுக்கு ஒரு தூளியை நிற்கவைக்கத் தெரியாதா என்று ரயிலில் வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

கத்தரிக்கோல் போல விரிகிற இரண்டு ஜோடிக் கால்கள், அவற்றின் மேல் ஒரு குறுக்குக் குழாய். ராத்திரி விரித்துவிட்டு, காலையில் மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட வேண்டும். அறையின் அகலம் அவ்வளவுதான். அம்மா வீட்டுக்குப் போகும்போது அவள் அதை ரயிலில் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டும். இந்தக் கடைசி யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எந்தக் குழாய் என்பதுதான் பாடாய்ப் படுத்தியது. முதலில் தண்ணீர்க் குழாயை எடுத்தேன். லாரி ஏறினாலும் வளையாது போலிருந்தது. ஆனால் ஐந்து துண்டுகளையும் சேர்த்துத் தூக்கியபோது எனக்கே தோள் இறங்கிவிட்டது, இடுப்பில் பிள்ளையோடு அவள் எங்கே தூக்குவது? அடுத்து, சுவரில் கரண்ட் ஒயர் ஓட்டுகிற மெல்லிய குழாய். முழங்காலில் வைத்து அழுத்தினால் கீரைத்தண்டாட்டம் மடங்கியது. அப்புறம் சைக்கிளுக்குப் போகிற ரகத்தில் ஓரங்குலக் குழாய், இருபது கேஜ். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். இருந்தாலும் நான் ஏறி நின்றபோது தாங்கியது. சந்தோஷமாக போல்ட்டுக்குத் துளை போட்டு நட்டை முறுக்கினேன், துளைக்குப் பக்கத்தில் நசுங்கிப்போனது. மடக்குகிற சாமானுக்கு அந்தத் துளைதான் உயிர் என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசியில் பதினெட்டு கேஜ் எடுத்து, துளை வருகிற இடத்தில் உள்ளே சின்னக் குழாய்த் துண்டு ஒன்றைச் சொருகிவிட்டு, அதன்பிறகு துளை போட்டேன். நட்டு கெட்டியாக உட்கார்ந்தது. ஒரு கையால் தூக்க முடிந்தது.

பக்கத்து மெஷின்காரன் ஒரு வாரமாக என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தான்.

"இன்னா மச்சான், தூளி புள்ளைக்கா, ஆனைக்கா?" என்றான்.

"உன் வேலையப் பாருடா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூளிச் சட்டத்தை அறையில் விரித்தேன். குழந்தை ஆறு கிலோ இருந்தால் அதிகம். நான் இருபது கிலோ மணலை மூட்டையாகக் கட்டினேன். சும்மா தொங்கவிட்டுப் பார்ப்பது ஏமாற்று வேலை, ஆடும்போதுதான் குழாய்க்கு உண்மையான சுமை. அதனால் அவள் விட்டுப்போன புடவையைக் கட்டி, மூட்டையை அதில் கிடத்தி, தரையில் உட்கார்ந்து ஆட்டினேன். அரைமணி நேரம் ஆட்டியிருப்பேன். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது? புள்ள இல்லாத தூளிய ஆட்டிகினு கீற! புள்ளைக்கு வயித்த வலிக்கும்பா!"

"வெறும் தூளி இல்லம்மா. உள்ள மணல் மூட்டை கீது."

அந்தம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பிப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறந்த குழந்தையை மொத்தம் நாலு தடவை தூக்கியிருப்பேன், அதைவிட அதிக நேரம் ஒரு மணல் மூட்டையைத் தாலாட்டியிருக்கிறேன். சோதனை இன்னும் முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் ஆட்டினேன்.

அடுத்த ஞாயிறு சட்டத்தைக் கயிற்றால் கட்டி வேப்பம்பட்டுக்குக் கொண்டுபோனேன். புங்க மரத்தடியில் விரித்து, தூளி கட்டி, குழந்தையைப் போட்டேன். அது ஒரு சத்தமும் இல்லாமல் தூங்கியது. மாமியாருக்கு ஒரே சந்தோஷம்.

"சோக்காக் கீது மாப்ளே! பகல்ல ஊட்டுக்குள்ள புழுக்கம் தாங்கல. இத்த இங்கியே வுட்டுட்டுப் போங்க."

மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை. "இன்னும் ரெண்டு மாசம் போவட்டுங்க," என்றாள். கிளம்பும்போது தெருமுனைவரை கூட வந்தாள். அங்கே நின்று, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க ஷிப்டுக்குப் போய்ட்டா அந்த ரூம்ல நானும் இதுவும் யார் மூஞ்சியப் பாத்துகினு கீறது?"

தூளி என்பது அவள் சொல்லிக்கொண்ட சாக்கு. அந்த அறையில் தனியாக இருப்பது எப்படி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதைத் தாங்க முடியாமல்தானே அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கையை வீசிக்கொண்டு ரயிலேறினேன்.

இரண்டு மாதம் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. ஞாயிறுகளிலும் பட்டறையில் வேலை வந்ததால், நான் வேப்பம்பட்டுக்குப் போவதும் குறைந்துபோனது. ஆவடியில் நாலு குடித்தனம் சேர்ந்திருந்த வீட்டில் ஒரு பகுதி கிடைத்த பிறகுதான் அவள் வந்தாள். ஸ்டேஷனில் காத்திருந்தேன். பெண் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தாள். நான் குனிந்து கையை நீட்டியதும் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாரு இது? சொல்லு பாக்கலாம்," என்றாள் மனைவி.

குழந்தை தலையை மட்டும் வெளியே நீட்டி என்னை நன்றாகப் பார்த்தது. பிறகு, "மாமா," என்றது.